போனார்களா, போயிருந்தார்களா?



சஞ்சிகைக்கு ஆங்கில இலக்கணம் பற்றி ஒரு கட்டுரை தருகிறேன் என்று நான் சொன்னதும் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். "தமிழ்ச் சஞ்சிகையில் இங்கிலீஷ் பாடமா?" என்று கேட்டார்கள். நான் எழுதப்போவது பாதி ஆங்கிலம், பாதி தமிழ். உண்மையைச் சொன்னால், இந்த ஆங்கிலப் பாடத்தைப் படித்தபோதுதான் நம் வீட்டில் பேசும் தமிழை நான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

இந்தச் சஞ்சிகையை உம்மாமாரும் வாப்பாமாரும் வாசிப்பார்கள். ஆகவே ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டு வாசியுங்கள், புரிந்துவிடும்.

எடுத்துக்கொண்ட சொல் மிகச் சின்னது. 'கோ', அதாவது போ. அதன் இறந்தகாலம் 'வென்ட்', போனேன். அதைவிட ஒரு படி பின்னால் இருக்கும் காலம் 'ஹேட் கோன்', போயிருந்தேன். இந்தக் கடைசி வடிவத்தின் பெயர் பாஸ்ட் பெர்ஃபெக்ட். பொது ஆங்கிலப் பாடத்தில் நம்மில் பலர் பயப்படும் இடம் இது. நானும் பயந்தவள்தான். ஒரு நாள் டியூஷன் வகுப்பில் நடந்த சம்பவம் என் பயத்தைத் தெளிவித்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வசனம், ஒரு வீடு

எங்கள் டியூஷன் வகுப்பில் தோட்டத்துத் தோழி ஒருத்தி இருக்கிறாள். 'மறக்க முடியாத நாள்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் 2016 மே மாதத்து மழையைப் பற்றி எழுதினாள்.

அந்த மழையை நம் ஊரில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நூற்றுக்கு மேல். அதே நாளில் நம் புளத்கொகுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயன் வீடுகள் புதைந்தன, உயிர்கள் போயின. நான் அப்போது தரம் நான்கில் இருந்தேன். பாடசாலை இல்லை என்று முதலில் சந்தோஷப்பட்டதும், பிறகு வாப்பா கடையைப் பூட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது.

என் தோழியின் தோட்டம் வேறு. அங்கே நடந்தது சிறிய சரிவுதான், பத்திரிகையில் வரவில்லை. அதைப் பற்றி அவள் எழுதிய வசனம் இது: "வென் த ஹில் கேம் டவுன், வீ வென்ட் டு த ஸ்கூல்."

மிஸ் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மலை விழுந்த பிறகா மகள் ஸ்கூலுக்குப் போனீங்க?"

"இல்ல மிஸ். அப்பா பின்னேரமே எங்கள கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ராத்திரிதான் மண்ணு வந்துச்சு. எங்க குசினி முழுக்க மண்ணு."

"அப்படியென்றால் இந்த வசனத்தில் நீங்கள் இன்னும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறீர்கள்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. மிஸ் சிவப்புப் பேனையால் ஒரு சொல்லை வெட்டி, இரண்டு சொற்களை எழுதினார்: "வென் த ஹில் கேம் டவுன், வீ ஹேட் கோன் டு த ஸ்கூல்." மலை சரிந்தபோது நாங்கள் பாடசாலைக்குப் போயிருந்தோம்.

'வென்ட்' என்று எழுதினால் முதலில் மலை விழுகிறது, பிறகு குடும்பம் ஓடுகிறது. 'ஹேட் கோன்' என்று எழுதினால் குடும்பம் முன்பே போய்விட்டது, மலை வந்தபோது லயனில் அவர்கள் இல்லை. ஒரு சொல் ஒரு குடும்பத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு இந்தக் காலம் மறக்கவில்லை.

எப்படி அமைப்பது?

அமைப்பு இலேசானது. 'ஹேட்' என்ற சொல்லுக்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம் வர வேண்டும். கோ, வென்ட், கோன் என்று மனனம் செய்வோமே, அதில் மூன்றாவது. நான், நீ, அவள், அவர்கள் யார் போனாலும் 'ஹேட் கோன்' மாறாது. தமிழில்தான் போயிருந்தேன், போயிருந்தாய், போயிருந்தாள், போயிருந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும். இந்த ஓர் இடத்தில் ஆங்கிலம் நம்மைவிட இலகு.

நாம் அடிக்கடி விடும் பிழை 'ஹேட் வென்ட்'. இறந்தகாலம் என்றதும் 'வென்ட்' தானாக வாயில் வந்துவிடுகிறது. உண்மையில் 'வென்ட்' என்பது 'கோ' என்ற சொல்லின் பிள்ளையே அல்ல. 'வென்ட்' என்று ட் மென்மையாக ஒலிக்கும் வேறொரு பழைய ஆங்கில வினையின் இறந்தகாலம் அது. சென்ட், ஸ்பென்ட் போன்றவையும் அதே சாதிதான். 'கோ' அதைத் தத்தெடுத்துக்கொண்டது. சொந்தப் பிள்ளை 'கோன்' மட்டுமே. 'ஹேட்' சொந்தப் பிள்ளையைத்தான் கூட வைத்துக்கொள்ளும். இப்படி நினைத்துக்கொண்ட பிறகு நான் இந்தப் பிழையை விடவில்லை.

தமிழோடு ஒப்பிட்டால் இன்னும் தெளியும். போயிருந்தேன் என்பதைப் பிரித்தால் 'போய்' என்ற வினையெச்சமும் 'இருந்தேன்' என்ற துணைவினையும் வரும். போய் என்ற இடத்தில் 'கோன்', இருந்தேன் என்ற இடத்தில் 'ஹேட்'. போனேன் இருந்தேன் என்று யாராவது சொல்வார்களா? 'ஹேட் வென்ட்' அப்படித்தான் ஒலிக்கும்.

'ஹேட்' தனியாக வந்தாலும் இருந்தது என்ற பொருளையே நாம் எடுத்துக்கொள்கிறோம். "ஐ ஹேட் அன் அம்ப்ரெல்லா" என்றால் என்னிடம் ஒரு குடை இருந்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் தேவைப்படும்.

உம்மாவின் வாயில் இருக்கும் இலக்கணம்

நன்னூல் காலத்தை மூன்றாகச் சொல்கிறது: இறப்பு, நிகழ்வு, எதிர்வு. அதனால் தமிழில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் இல்லை என்று நான் எண்ணியிருந்தேன். பேராசிரியர் எம். ஏ. நுஃமான் அவர்களின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' போன்ற தற்கால நூல்களில் துணைவினைகளைப் பற்றி வாசித்த பிறகுதான், 'இரு' என்ற துணைவினை எவ்வளவு வேலை செய்கிறது என்று விளங்கியது. போயிருக்கிறேன், போயிருந்தேன், போயிருப்பேன். காலம் மூன்றுதான். ஆனால் 'இரு' ஒட்டிக்கொண்டதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்வாசல் திறக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் குசினிக்குப் போனேன். உம்மா பக்கத்து வீட்டு மாமியோடு பேசிக்கொண்டிருந்தார். "நான் வரச்செல்ல பஸ் போயீந்த" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போயீந்த! அதுதான் போயிருந்தது. எழுத்தில் நீளமாக இருக்கும் சொல்லை எங்கள் வீட்டுப் பேச்சு சுருக்கி வைத்திருக்கிறது. உம்மா சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலம் தெரியாது என்று எப்போதும் சொல்வார். ஆனால் பாஸ்ட் பெர்ஃபெக்டைத் தினமும் ஐம்பது தடவை சரியாகப் பயன்படுத்துகிறார்.

உம்மாவின் வசனத்தை ஆங்கிலமாக்கினால் "வென் ஐ கேம், த பஸ் ஹேட் கோன்." உம்மா வந்தார், ஹோல்ட்டில் பஸ் இல்லை, கேகாலை பஸ்ஸுக்கு இனி அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். இதையே "வென் ஐ கேம், த பஸ் வென்ட்" என்று சொன்னால் கதை வேறு. உம்மா வந்துகொண்டிருக்கிறார், அவர் கண் முன்னாலேயே பஸ் புறப்பட்டுப் போகிறது. முதலாவதில் கவலை மட்டும். இரண்டாவதில் கொண்டக்டர் மேல் கோபமும் உண்டு.

நம் தமிழ் நம்மை விழுத்தும் இடம்

இதுவரை தமிழ் நமக்கு உதவியது. இனி உபத்திரவம் செய்யும் இடத்தைப் பார்ப்போம்.

"நேற்று கேகாலைக்குப் போயிருந்தேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதை அப்படியே மொழிபெயர்த்து "யெஸ்டர்டே ஐ ஹேட் கோன் டு கேகாலை" என்று எழுதிவிடுகிறோம். பரீட்சைத் தாளில் இதற்குப் புள்ளி போய்விடும். தமிழில் போயிருந்தேன் என்பதைத் தனியாகவே சொல்லலாம். போய் வந்தேன், அங்கே சற்று நேரம் இருந்தேன் என்ற பொருள் அதில் உண்டு. ஆங்கிலத்து 'ஹேட்' தனியாக நிற்காது. அதற்கு இரண்டு இறந்தகாலச் சம்பவங்கள் வேண்டும். ஒன்று முன்னால் நடந்தது, மற்றது பின்னால் நடந்தது. முன்னால் நடந்ததற்குத்தான் 'ஹேட்'. ஒரே சம்பவம் என்றால் "ஐ வென்ட் டு கேகாலை யெஸ்டர்டே" போதும்.

ஆகவே 'ஹேட்' எழுதுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதற்கு முன்?" மலை சரிவதற்கு முன், நான் வருவதற்கு முன், பரீட்சை தொடங்குவதற்கு முன் என்று ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் 'ஹேட்' வேண்டாம். அந்தப் பதில் அதே வசனத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முந்திய வசனத்தில் இருந்தாலும் சரி.

இரண்டாவது குழி 'கோன்', 'பீன்' என்ற இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. "வாப்பா கண்டிக்குப் போயிருந்தார்" என்றால் வாப்பா இன்னும் கண்டியில் இருக்கலாம், திரும்பி வந்தும் இருக்கலாம். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லும். ஆங்கிலம் பிரித்துச் சொல்லும். போனவர் திரும்பவில்லை என்றால் 'ஹேட் கோன் டு கேண்டி'. போய்த் திரும்பியவர் என்றால் 'ஹேட் பீன் டு கேண்டி'.

மூன்றாவது, 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்ற சொற்கள். இவை வந்தால் எது முன், எது பின் என்பதை அவையே காட்டிவிடும். அப்போது 'ஹேட்' கட்டாயமில்லை. "வீ வென்ட் டு த ஸ்கூல் பிஃபோர் த ஹில் கேம் டவுன்" என்பதும் சரியான வசனம்தான். என் தோழி இப்படி எழுதியிருந்தால் மிஸ் பேனையை எடுத்திருக்க மாட்டார். வரிசையைக் காட்ட வேறு சொல் இல்லாத இடத்தில்தான் 'ஹேட்' உயிராக வேண்டும்.

வற்றிப் போயிருந்தது, கலங்கிப் போயிருந்தது

'கோ' என்ற சொல்லுக்குப் பயணத்தைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. ஒன்று கெட்டு மாறுவதையும் அது சொல்லும். "த மில்க் ஹேட் கோன் பேட்" என்றால் பால் கெட்டுப் போயிருந்தது. தமிழிலும் போ என்ற சொல்லே அங்கே வருவதைப் பாருங்கள். இரண்டு மொழியும் யோசித்து வைத்தது போல ஒரே சொல்லைத் தேர்ந்திருக்கின்றன.

இதற்கு உதாரணம் தேடியபோது மண்சரிவின் அறிகுறிகளே எனக்கு நினைவு வந்தன. மலைச்சரிவில் இருக்கும் வீடுகளுக்கு அதிகாரிகள் சொல்லித் தருபவை அவை. ஊற்று திடீரென்று வற்றும், அல்லது தண்ணீர் சேறாகக் கலங்கும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். நேற்று வரை திறந்த கதவு இன்று இறுகிக்கொள்ளும். சரிவுக்குப் பிறகு பேசும்போது இவை எல்லாம் பாஸ்ட் பெர்ஃபெக்ட் ஆகிவிடுகின்றன. "த ஸ்ப்ரிங் ஹேட் கோன் ட்ரை." ஊற்று வற்றிப் போயிருந்தது. "த வாட்டர் ஹேட் கோன் மடி." தண்ணீர் கலங்கிப் போயிருந்தது. மலை முன்கூட்டியே சொல்லியிருந்தது என்பதைப் பிறகுதான் உணர்கிறோம்.

போயிருந்தால்

இந்தக் காலத்தோடு 'இஃப்' சேர்ந்தால் அது நடக்காத ஒன்றைச் சொல்லும். "இஃப் தே ஹேட் கோன் அர்லியர், தே வுட் ஹேவ் லிவ்ட்." முன்பே போயிருந்தால் அவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். இப்படிச் சொன்னாலே அவர்கள் போகவில்லை என்று பொருள். இலக்கணமாக இது இலேசான பாடம். வாசிக்கும்போதுதான் கனக்கிறது.

இந்த வசனத்தை வீட்டில் சொல்லிப் பார்த்தபோது உம்மும்மா என்னைத் தடுத்தார். "நடந்ததுக்கு, 'அப்பிடிச் செஞ்சீந்தா, இப்பிடிச் செஞ்சீந்தா' என்டு சொல்லிக்கொண்டு இருக்கப்படாது புள்ள. அது கத்ர்" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து அவரே, "ஆனா அந்த சனம் எங்க போற? போறதுக்கு வேற ஊடு ஈந்தயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஏன் முன்பே போகவில்லை என்று கேட்பது நமக்கு இலகு. லயன் அறை அதில் வாழ்பவர்களுக்குச் சொந்தமல்ல. இரவு மழையில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும். முன்பு சொன்ன 'ஹேட்' இங்கேதான் வருகிறது. "தே ஹேட் நோவேர் டு கோ." அவர்களுக்குப் போக இடம் இருக்கவில்லை. இருந்தது என்ற 'ஹேட்' இல்லாதவர்களால் போயிருந்தார்கள் என்ற 'ஹேட்' சொல்ல முடியாது. என் தோழியின் அப்பாவுக்கு ஒரு பாடசாலை மண்டபம் திறந்திருந்தது. அதனால்தான் அவள் இன்று எங்களோடு உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறாள்.

போயிருப்போம்

முடிந்ததை மாற்ற முடியாது. ஆனால் இதே சொல்லுக்கு எதிர்கால வடிவமும் இருக்கிறது. 'வில் ஹேவ் கோன்', போயிருப்போம். தமிழில் போயிருப்போம் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. "தெரிந்திருந்தால் போயிருப்போம்" என்றால் போகவில்லை. ஆங்கிலத்தில் 'வுட் ஹேவ் கோன்'. "மழை கூடுவதற்குள் போயிருப்போம்" என்றால் போவது நிச்சயம். ஆங்கிலத்தில் 'வில் ஹேவ் கோன்'. 'வுட்' என்பது வருத்தம், 'வில்' என்பது திட்டம்.

திட்டத்துக்கு வழிகாட்டல் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழை 75 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர் என்று ஏறும்போது ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது என்பதே கணக்கு. நம்மில் பலர் பாடசாலைச் சுற்றறிக்கையை வாசிக்கிறோம், அலைபேசியில் செய்தி பார்க்கிறோம். வீட்டில் மூத்தவர்களுக்கு அதை வாசித்துச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. நம் வீடு தட்டையான நிலத்தில் இருந்தால், மேட்டில் இருக்கும் வீட்டாருக்கு வாசலைத் திறந்து வைக்கும் பொறுப்பும் உண்டு. அடுத்த முறை மழை பெரிதாகும்போது நம் ஊரில் யாரைக் கேட்டாலும் "பை தென், வீ வில் ஹேவ் கோன்" என்று சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ்.

பயிற்சி

இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன் "எதற்கு முன்?" என்ற கேள்வியைக் கேட்க மறக்க வேண்டாம்.

1. நான் வீட்டுக்கு வந்தபோது கரண்ட் போயிருந்தது.
2. நேற்று நாங்கள் கித்துல்கலைக்குப் போயிருந்தோம்.
3. நான் முன்பு கண்டிக்குப் போயிருந்தேன், அதனால் வழி தெரிந்தது.
4. மிஸ் வந்தபோது அவள் போயிருந்தாள்.
5. இருட்டுவதற்குள் நாங்கள் போயிருப்போம்.

விடைகள்

1. வென் ஐ கேம் ஹோம், த பவர் ஹேட் கோன். வந்தது பின், கரண்ட் போனது முன்.
2. வீ வென்ட் டு கித்துல்கல யெஸ்டர்டே. ஒரே சம்பவம், ஆகவே 'ஹேட்' இல்லை. இதில் விழுந்தவர்கள் கவலைப்பட வேண்டாம், நானும் விழுந்தேன்.
3. ஐ ஹேட் பீன் டு கேண்டி பிஃபோர், ஸோ ஐ நியூ த வே. போய்த் திரும்பியதால் 'பீன்'.
4. வென் மிஸ் கேம், ஷீ ஹேட் கோன். மிஸ் அவளைக் காணவில்லை. 'வென்ட்' என்று எழுதினால், மிஸ்ஸைக் கண்டதும் அவள் எழுந்து போய்விட்டாள் என்று ஆகும். தோழியைக் காட்டிக்கொடுக்க விரும்பாதவர்கள் கவனமாக எழுதுங்கள்!
5. வீ வில் ஹேவ் கோன் பை டார்க்.

ஐந்தும் சரியென்றால் மாஷா அல்லாஹ். பிழைத்திருந்தால், உங்கள் உம்மா பேசுவதை ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எத்தனை தடவை 'போயீந்த', 'வந்தீந்த', 'செஞ்சீந்த' என்று வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஆங்கிலமாக்கிப் பாருங்கள். எனக்கு இந்தப் பாடம் வந்தது அப்படித்தான்.

க.பொ.த. உயர்தரக் கலைப் பிரிவு மாணவி,
புளத்கொகுபிட்டிய.